மாத்தளையைச் சுற்றி ஓடுவோம்



இன்று நான் பேசப் போவது ஓட்டத்தைப் பற்றி. பயப்படாதீர்கள், வாழ்க்கை ஓட்டத்தைப் பற்றித் தத்துவம் பேச வரவில்லை. இரண்டு காலால் ரோட்டில் ஓடுகிற ஓட்டத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மாத்தளை நகரத்திலிருந்து கிளம்பினால் எந்த வழியாக ஓடலாம்? எங்கே ஏற்றத்தில் மூச்சு வாங்கும்? எங்கே அட்டை கடிக்கும்? எங்கே யானை நிற்கும்? எங்கே கேற் போட்டு வழியை மறித்திருப்பார்கள்? இதுதான் பொருள். “இதற்கு ஒரு கூட்டமா?” என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கடைசிக் கேள்வி, கேற் பற்றிய கேள்வி, நம்மை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போகும்.

ஓடுவது பட்டணத்தாரின் பொழுதுபோக்கு, விலையுயர்ந்த சப்பாத்து போட்டவர்களின் வேலை என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அப்படியா? தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை குறுக்குப் பாதையில் இறங்கி ஓடாத பிள்ளை இந்த மாவட்டத்தில் உண்டா? பெரட்டுக்கு, அதாவது காலை ஆட்கணக்குக்கு, நேரமாகிவிட்டது என்று கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே ஓடாத தாய் உண்டா? அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் தப்பால்காரர் ஒருவர் இருந்தார். துரையின் கடிதங்களைத் தோல் பையில் போட்டுக்கொண்டு தபாற் கந்தோருக்கு இறங்குவார். திரும்பும்போது பத்திரிகையும் கடிதமும் சுமந்துகொண்டு மலை ஏறுவார். மழையென்றும் மூடுபனியென்றும் அவருக்கு லீவு கிடையாது. அவரை யாரும் ஓட்ட வீரர் என்று சொன்னதில்லை. சுற்றுக் கிண்ணம் எதுவும் கொடுத்ததுமில்லை. நம் ஊரில் நெடுந்தூர ஓட்டத்தின் வரலாற்றை யாராவது எழுதினால் முதல் அத்தியாயம் அவருடையதாக இருக்க வேண்டும்.

சரி, வழிக்கு வருவோம்.

மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 360 மீற்றர் உயரத்தில், ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. கிழக்கே பார்த்தால் நக்கிள்ஸ் மலைத்தொடர். அதன் உச்சியான கொம்பானிய 1,900 மீற்றரைத் தாண்டுகிறது. வடக்கே போகப் போக நிலம் தாழ்ந்து, காய்ந்து, தம்புள்ளைக்குப் போனால் குளமும் வயலும் முட்புதரும். தேயிலை, றப்பர், கொக்கோ, மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம், நெல், வெங்காயம் எல்லாம் ஒரே மாவட்டத்தில் விளைகின்றன. ஓடுகிறவனுக்கு இதன் பொருள் என்ன? ஒரே காலைப் பொழுதில் மூன்று விதமான காற்றை மூச்சில் இழுக்கலாம் என்பதுதான். இங்கிலாந்துக் கிராமங்களில் ஓடுகிறவர்கள் தங்கள் வயல்வெளிப் பாதைகளைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். பேசட்டும். மிளகுக் கொடி வாசனையோடு தொடங்கி ஏலக்காய்க் காட்டு ஈரத்தில் முடிகிற ஓட்டம் அவர்களுக்குக் கிடைக்குமா?

முதலில் புதியவர்களுக்கு ஒரு வழி. நகரத்திலிருந்து வடக்கே மூன்று கிலோமீற்றரில் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்வழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகத்தைப் பிக்குமார் ஏட்டில் எழுதி வைத்த இடம். போக மூன்று, வர மூன்று, மொத்தம் ஆறு கிலோமீற்றர். பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. இது ஏ-9 வீதி. யாழ்ப்பாண பஸ்ஸும் தம்புள்ளை மரக்கறி லொறியும் ஓடுகிறவனுக்காக வேகத்தைக் குறைப்பதில்லை. ஆகவே காலை ஆறு மணிக்குள் போய்த் திரும்புங்கள். வாகனத்துக்கு முகம் கொடுத்து, வலப்பக்கமாக ஓடுங்கள். முடிந்த இடத்தில் எல்லாம் பெரிய வீதியை விட்டு, உள்ளே வயலோரமாகப் போகும் ஒழுங்கைகளுக்கு இறங்கிவிடுங்கள். தூரம் கொஞ்சம் கூடும். ஆயுசும் கூடும்.

அடுத்தது என் மனதுக்கு மிகவும் பிடித்த வழி. உக்குவளையில் தொடங்கி எல்கடுவை நோக்கி ஏறுவது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பாதையில் எவ்வளவு இருக்கும் என்பதை இந்தப் பாதைதான் எனக்குக் காட்டியது.

உக்குவளையில் ஆற்றோரம் நின்று பாருங்கள். சுதுகங்கையில் ஓடுகிற தண்ணீரில் ஒரு பங்கு இந்த ஊர்த் தண்ணீரே கிடையாது. அது மகாவலித் தண்ணீர். கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் மறித்து, மலையைக் குடைந்த ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியாகக் கொண்டுவந்து, 1976 முதல் உக்குவளை மின்நிலையத்தில் விழுத்துகிறார்கள். அங்கே மின்சாரம் எடுத்தபின் சுதுகங்கையில் சேர்ந்து, போவத்தென்னைக்குப் போய், வடக்கே வறண்ட வயல்களுக்குப் பாய்கிறது. நாம் மலையைச் சுற்றி ஓடுகிறோம், நமக்குக் கீழே மலைக்குள்ளால் ஆறு ஓடுகிறது.

உக்குவளையை விட்டதும் ஏற்றம் தொடங்கும். முதலில் வீட்டுத் தோட்டங்கள், மிளகு ஏறிய முள்முருங்கை மரங்கள், பிறகு றப்பர், அதற்கும் மேலே தேயிலை. வளைவுக்கு வளைவு காற்று குளிரும். பாதை செங்குத்தாக நிமிராமல், மலையை அணைத்துச் சுற்றிச் சுற்றித்தான் போகும். ஏன் தெரியுமா? இந்தத் தோட்டத்து ரோட்டுகள் காருக்காக வெட்டப்பட்டவை இல்லை. மாட்டு வண்டியில் கோப்பி மூட்டையையும், பிறகு கொழுந்தையும் இறக்குவதற்கும், துரை குதிரையில் சுற்றி வருவதற்கும் வெட்டப்பட்டவை. மாடு இழுக்கக் கூடிய சாய்வு எதுவோ, அதுதான் ரோட்டின் சாய்வு. மாட்டுக்குச் சரியான அந்தச் சாய்வு மனித நெஞ்சுக்கும் சரியாக இருக்கிறது. நிறுத்தாமல் மெதுவாக ஓடிக்கொண்டே ஏறலாம். பேசிக்கொண்டே ஓட முடிந்தால் வேகம் சரி. பேச்சு அறுந்தால் நடையாக மாற்றுங்கள், யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

ஏறுவது நெஞ்சுக்கு வேலை, இறங்குவது தொடைக்கு வேலை. இதைத் தம்பிமார் கவனமாகக் கேளுங்கள். ஏறிவிட்ட பெருமையில் இறக்கத்தில் பறப்பீர்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. தசை நார்கள் அப்போதுதான் அதிகம் சேதப்படும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் படியிறங்க முடியாமல் சுவரைப் பிடிப்பீர்கள். அடியைச் சின்னதாக வையுங்கள். முழங்காலை விறைப்பாக வைக்காதீர்கள். கொழுந்து மூட்டையோடு மலையிறங்கும் நம் பெண்கள் எப்படிக் கால் வைக்கிறார்கள் என்று பாருங்கள். அதைவிடப் பெரிய பயிற்சியாளர் உங்களுக்குத் தேவையில்லை.

மேலே எல்கடுவைப் பக்கம் செம்புவத்தை ஏரி. தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே, ஊற்றுத் தண்ணீரைத் தேக்கி உண்டாக்கிய ஏரி. சுற்றுலாப் பயணிகள் ரிக்கற் எடுத்து உள்ளே போய்ப் படம் பிடிப்பார்கள். நல்லதுதான். ஆனால் ஓடுகிறவனுக்கு அதன் சுவை ஏரியில் இல்லை, அங்கே போய்ச் சேரும் வளைவுகளில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஓட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தி ஒரு கேள்வி. இந்த ரோட்டுகளை யார் போட்டார்கள்?

மாத்தளைக்காரர்களுக்கு 1848 கிளர்ச்சியை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த வருடம் ஜூலையில் தம்புள்ளையில் கிளர்ச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டினார்கள். ஆகஸ்ட் 8ஆம் திகதி அவரோடு நின்ற வீர புரன் அப்புவை ஆங்கிலேயர் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கிளர்ச்சி ஏன் வந்தது? தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கு வரி போட்டார், நாய்க்கும் வரி போட்டார், கடைக்கும் வரி போட்டார். அவற்றோடு ஒரு வீதிச் சட்டமும் வந்தது. வயது வந்த ஆண் ஒவ்வொருவனும் வருடத்தில் ஆறு நாள் சம்பளமில்லாமல் ரோட்டு வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். கோப்பித் தோட்டத்துக்கு ரோட்டு வேண்டும், அதற்குக் கிராமத்தானின் முதுகு வேண்டும். ரோட்டின் பேரால் ஒரு கலகமே நடந்த மாவட்டம் இது.

அது கிராமத்துச் சிங்கள மக்களின் கதை. நம் கதை, மலையகத் தமிழர் கதை, அதற்குச் சற்று முன்பே கால்நடையாகத் தொடங்கிவிட்டது. இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் புறப்பட்ட மக்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று காட்டுக்குள்ளால் நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிழைத்து வந்தவர்கள் மலையேறுவதற்கு முன் மூச்சுவிட்ட ஊர் மாத்தளை. நம் முத்துமாரியம்மன் கோயிலின் தொடக்கத்தை அந்த வழிப்போக்கரோடு சேர்த்துத்தான் நம் பாட்டிமார் சொல்லி வந்தார்கள். இன்று மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடுகிறது, கோபுரம் 108 அடி உயர்ந்து நிற்கிறது. அன்றைக்கு அங்கே நின்றவர்கள் காலில் செருப்பு இல்லாதவர்கள்.

அந்த வழியில் 2023இல் மறுபடியும் நடந்தார்கள். மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தது அந்த நடைபவனி. ஏறத்தாழ 250 கிலோமீற்றர். வழியில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் தண்ணீர் கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், கூட நடந்தார்கள். அதைப் பேரணி என்று எழுதினார்கள், ஆர்ப்பாட்டம் என்று எழுதினார்கள். நான் அதை வேறு விதமாகவும் பார்க்கிறேன். மறைந்து போகவிருந்த ஒரு வழியை மக்கள் காலால் திரும்ப எழுதினார்கள். 16 நாள் நடந்து முடிக்கும் வழியைக் குழு குழுவாக அஞ்சல் முறையில் ஓடி முடிக்க எத்தனை நாள் ஆகும்? இளைஞர் கழகங்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். இது பழகியவர்களுக்கு மட்டும். இரத்தோட்டை தாண்டி, பம்பரகிரி எல்ல பக்கமாக றிவஸ்டன் ஏறுவது.

இரத்தோட்டை வரை ஊர் ஊராகப் போகும். அதற்கு மேலே வளைவுகள் நெருங்கிவிடும். றிவஸ்டன் கணவாயில் காற்று அடிக்கும் பாருங்கள், அந்தக் காற்றில் சில நாட்களில் ஓடுவது கிடக்கட்டும், நிற்பதே பாடு. கணவாய்க்கு இந்தப் பக்கம் மூடுபனியும் ஈரக் காடும். அந்தப் பக்கம் இறங்கினால் பிட்டவலப் பத்தனைப் புல்வெளி, இலுக்கும்புர, தெல்கமு ஓயா, வெயில். ஒரே ரோட்டில் இரண்டு நாட்டுக்குள் ஓடிய மாதிரி இருக்கும். இந்த மலைத்தொடர் 2010 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. பத்தனைப் புல்வெளியின் ஈரப் பாறைகளில் வாழும் ஒரு தவளை இனம் உலகத்தில் இந்தத் தொடரைவிட வேறெங்கும் இல்லை. ஆகவே அங்கே போட்ட பாதையை விட்டு ஒரு அடிகூட விலக வேண்டாம். வனத் திணைக்களத்துக்கு ரிக்கற் எடுக்க வேண்டிய இடத்தில் எடுங்கள். “நாங்கள் உள்ளூர், எங்களுக்கு என்ன ரிக்கற்” என்று வாதாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மழைக்காலம் வேறு. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை இந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். அப்போது அட்டை சப்பாத்துக்குள்ளே குடும்பம் நடத்தும். காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போனால் ஓரளவு தப்பலாம். அட்டைக்குத் தப்பலாம், மண்சரிவுக்குத் தப்ப முடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்த நாளில் மலைப்பாதையில் ஓடுவது வீரம் ஆகாது. தேயிலை மலையில் குளவிக் கூடு இருக்கும் இடத்தை அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் குளவி கொட்டித் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், உயிரும் போகிறது. கூடு எந்த மரத்தில் என்று அவர்களுக்குத் தெரியும்.

வடக்கு வழியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாலந்தையில் ஏரிக்கரையோரம் கெடிகே இருக்கிறது. பல்லவர் பாணியில் அமைந்த கல் கட்டிடம். போவத்தென்னை நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்ததைக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். வீதியிலிருந்து அங்கே போகும் நிழல் பாதை குறுகியது, ஆனால் அழகு. தம்புள்ளைப் பக்கம் கண்டலமைக் குளக்கட்டு. சமதரை, நீர்க்காற்று, தூரத்தில் மலை. ஆனால் விடியுமுன்னும் இருட்டிய பின்னும் குளக்கட்டு யானைக்குச் சொந்தம். தம்புள்ளை, கலேவலை, நாவுல, லக்கலைக்காரர்களுக்கு இது தெரியும். விருந்தாளியாகப் போகிற நாம் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு இறங்குவோம், ஊர்க்காரர் ஒருவரோடு இறங்குவோம். சீகிரியாவைக் கேட்பீர்கள். அங்கே ஓடாதீர்கள். கோட்டைக்கு வெளியே கிராமத்து மண் ரோட்டுகள் இருக்கின்றன, அவையே போதும்.

இனி அந்தக் கேற் விஷயம்.

எனக்குத் தெரிந்த ஒரு குறுக்குப் பாதை. எந்தத் தோட்டம் என்று சொல்லப் போவதில்லை. மூன்று தலைமுறையாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கிய வழி. ஒரு நாள் கம்பி வேலி போட்டு, “உட்பிரவேசிக்கத் தடை” என்று பலகை மாட்டினார்கள். பிள்ளைகள் ரோட்டைச் சுற்றிப் போனார்கள். இரண்டு மழைக்காலத்தில் புல் மூடிவிட்டது. இப்போது அங்கே பாதை இருந்ததென்று சொன்னால் புதிய கணக்கப்பிள்ளை நம்ப மாட்டார். யாரும் சண்டை போடவில்லை. யாரும் மனு எழுதவில்லை. நடக்காத வழி செத்தே போனது.

இங்கிலாந்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். நம் தோட்டங்களுக்குத் துரைமாரை அனுப்பிய நாடல்லவா? அங்கே விவசாயியின் வயலுக்கு நடுவால், பிரபுவின் பண்ணைக்கு நடுவால் பொதுப் பாதைகள் போகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இரண்டு லட்சம் கிலோமீற்றருக்கு மேல். நிலம் ஒருவனுடையது, வழி எல்லோருடையது. உழுதால் பாதையைத் திரும்பச் சரிசெய்து கொடுக்க வேண்டும். வேலி போட்டால் ஏறிக் கடக்கப் படி வைக்க வேண்டும். 20 ஆண்டுகள் பொதுமக்கள் தடையில்லாமல் ஒரு வழியைப் பயன்படுத்தினால் அது பொது வழி என்று கொள்ளலாம் என்று 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் சொல்கிறது. கிராமத்து ஓட்டக்காரர்கள் காலையில் சிரித்துக்கொண்டே அடுத்தவன் வயலுக்குள்ளால் ஓடுவது அந்தச் சட்டத்தின் பலத்தில்.

அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 1932 ஏப்ரல் 24ஆம் திகதி மன்செஸ்டர்ப் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர், பிரபுக்கள் பறவை சுடுவதற்காக மூடி வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலைக்குள் வேண்டுமென்றே நுழைந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். மலைவெளியில் காலாறச் சுற்றும் உரிமை முழுச் சட்டமாவதற்கு 2000ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

அந்தக் காலத்தில் நம் பக்கம் என்ன நிலை? தோட்டத்துக்குள் வெளியார் காலடி வைத்தால் அத்துமீறல் வழக்கு. தொழிலாளரைச் சந்திக்கத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடம் போட்டுக்கொண்டு லயத்துக்குள் போனதாகச் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் தன் மக்களைப் பார்க்கப் போவதற்கு மூட்டை சுமந்து மாறுவேடம் போட வேண்டியிருந்தது! தன் ஊரில் வயலுக்கு நடுவால் பொதுப் பாதை விட்டவன்தான் இங்கே வந்து கேற் போட்டான்.

இன்று சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டிலும் 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பத்து ஆண்டுகள் தடையில்லாமல் பயன்படுத்திய வழிக்கு உரிமை கோரலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரச நிலத்துக்கு அது செல்லாது. தோட்டங்களோ 1972லும் 1975லும் அரசுடைமையானவை. 1992க்குப் பிறகு பல தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனாலும், மண் பெரும்பாலும் இன்னும் அரசினுடையது. ஆகவே நூறு வருடம் நடந்தாலும் அந்தச் சட்டத்தால் நமக்கு வழி கிடைக்காது. வீட்டுக்கே உறுதி இல்லாதவனுக்கு வழிக்கு யார் உறுதி எழுதிக் கொடுப்பார்கள்?

அப்படியென்றால் கை கட்டி நிற்பதா? இல்லை. ஒரு கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்கத் தடை இருந்தது. அதனால் தோட்டத்து ரோட்டு உடைந்தால் சபை கைவிரிக்கும், கம்பனியும் கைவிரிக்கும். 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது சபை நினைத்தால் தோட்டத்துக்குள் வேலை செய்யலாம். எந்தப் பாதைக்குக் கேட்பது? மக்கள் காலையும் மாலையும் பயன்படுத்துகிற பாதைக்குத்தான் கேட்கலாம். பயன்படுத்துகிறோம் என்பதை எப்படிக் காட்டுவது? ஓடிக் காட்டுவோம். வாராவாரம், கூட்டமாக, பகிரங்கமாக, தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டே ஓடுவோம். வரைபடம் போடுவோம். உடைந்த மதகைப் படம் பிடிப்போம். அந்த வரைபடத்தைச் சபை உறுப்பினர் மேசையில் வைப்போம்.

பீக்கோ நடைபாதையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக, பழைய தோட்டப் பாதைகளை இணைத்திருக்கிறார்கள். வெளிநாட்டார் வந்து நடக்கிறார்கள். நல்ல வேலை, பாராட்டுகிறேன். அது மாத்தளைக்கு வரவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். முதுகுப்பையோடு நடக்கும் விருந்தாளியை லயத்து வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளை, அதே பாதையில் ஓடி ஒரு பந்தயத்துக்குத் தயாராக ஏற்பாடு உண்டா? ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த குமார் சண்முகேஸ்வரன் 5,000, 10,000 மீற்றர் ஓட்டங்களில் நாட்டின் முன்வரிசைக்கு வந்தார். அந்தக் கால் மலையில் வளர்ந்த கால். மாத்தளை மலையில் அப்படி எத்தனை கால்கள் பரீட்சை முடிந்ததும் கொழும்புக் கடைகளில் போய் நிற்கின்றன!

பிள்ளைகளைச் சொன்னேன், பெண்களைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு அரைப் பேச்சு. “பொம்பளப் புள்ள ரோட்டில ஓடினா ஊரு என்ன சொல்லும்?” என்று கேட்கிறீர்கள். அதே பொம்பளப் புள்ள விடிய முதல் தண்ணிக்கு ஓடுகிறாள், பெரட்டுக்கு ஓடுகிறாள், பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு ஓடுகிறாள். அப்போது ஊர் என்ன சொன்னது? தனக்காக ஓடினால் மட்டும் ஊருக்கு வாய் வந்துவிடுமா? தனியாக ஓடப் பயமாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னால் அது நியாயமான பயம், அதை நான் இலேசாக எடுக்க மாட்டேன். அதனால்தான் கூட்டமாக ஓடச் சொல்கிறேன். கடைசியாக வருகிறவர் யாரோ, அவரோடு ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். வேகமாக ஓடுகிறவர்கள் மேலே போய்க் காத்திருக்கட்டும்.

இப்படிக் கூட்டமாக ஓடுவதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2004இல் இலண்டனில் புஷி பூங்காவில் 13 பேர் ஒரு சனிக்கிழமை காலை ஐந்து கிலோமீற்றர் ஓடினார்கள். கட்டணம் இல்லை, நடந்தாலும் சரி. இன்று அந்தப் பூங்கா ஓட்டம் பல நாடுகளில் பல லட்சம் பேரை வாராவாரம் ஓட வைக்கிறது. 13 பேர்தான் தொடங்கினார்கள். இந்த மண்டபத்தில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறீர்கள்.

ஆகவே ஒரு ஏற்பாடு சொல்லி முடிக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு உக்குவளைப் புகையிரத நிலையத்துக்கு முன்னால் கூடுவோம். கண்டிக்கும் மாத்தளைக்கும் நடுவே 1880 முதல் ரயில் ஓடுகிற பாதை அது, தேடிக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்காது. எல்கடுவை ரோட்டில் இரண்டரைக் கிலோமீற்றர் ஏறுவோம், அதே வழியில் இறங்குவோம். சப்பாத்து இல்லாதவர்கள் வெறுங்காலோடு வரலாம், மண் ஓரம் இருக்கிறது. ஆளுக்கொரு போத்தல் தண்ணீர் கொண்டு வாருங்கள், வெறும் போத்தலைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு போங்கள். நெஞ்சுவலி, பிரஷர், சீனி வருத்தம் உள்ள பெரியவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு, முதல் நாள் நடக்க மட்டும் வாருங்கள். பள்ளிப் பிள்ளைகளோடு பெற்றோர் ஒருவர் வர வேண்டும். தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டோம். பெயர் பதியும் கொப்பி வாசலில் இருக்கிறது, பக்கத்தில் தேத்தண்ணியும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மழையென்றால் அடுத்த ஞாயிறு.